தொட்டறிந்த கரங்கள்: கையைப் பரிசோதிக்கும் கலையின் வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் ஒருவருக்கொருவர் முஸாஃபஹா செய்துகொண்டிருந்த வேளையில், வெளியூரிலிருந்து வந்த முதியவர் ஒருவர் நம்மை நோக்கிக் கையை நீட்டினார். அவருடைய விரல்கள் பறவையின் நகம்போல் உள்நோக்கி மடங்கியிருந்தன. சுண்டுவிரலின் நுனி குறைந்திருந்தது. நமது கை ஒரு கணம் தயங்கியது. அந்த ஒரு கணத்தை அவர் கண்டுகொண்டார். "பரவாயில்லை, ஹஜ்ரத்" என்று மட்டும் சொல்லி, கையைத் தோள்துண்டுக்குள் மறைத்துக்கொண்டு படியிறங்கிச் சென்றுவிட்டார். அதன்பின் நாம் அவரைக் காணவில்லை.

சிறுவர்களுக்கு ஒளூவின் ஒழுங்கைக் கற்றுத்தரும்போது, மணிக்கட்டு வரை கைகளைக் கழுவுவதிலிருந்து தொடங்குகிறோம். விரல்களைக் கோதிக் கழுவச் சொல்கிறோம். நாளுக்கு ஐந்து வேளை நம் கண்ணெதிரே வரும் உறுப்பு கை. ஆயினும் பிறர் கையை நாம் எவ்வளவு குறைவாக அறிந்திருக்கிறோம் என்பதை அந்த முதியவர் நமக்கு உணர்த்திச் சென்றார். கையைத் தொட்டு நோயறியும் கலை எப்படி வளர்ந்தது, அந்தக் கலை எந்தக் கைகளை நெடுங்காலம் தொடாமல் விட்டது என்பதை அன்றிலிருந்து படித்துவருகிறோம். அப்படிப் படித்தறிந்ததில் ஒரு பகுதியே இக்கட்டுரை.

விரலில் நோய், கழுத்தில் காரணம்

அரபு நூல்கள் ஜாலீனூஸ் என்றழைக்கும் கேலன், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் மருத்துவம் செய்த கிரேக்கர். பௌசானியாஸ் என்னும் சிரியா நாட்டு அறிஞர் ஒருவர் அவரிடம் வந்தார். சுண்டுவிரலும் மோதிர விரலும் நடுவிரலின் பாதியும் அவருக்கு மரத்துப் போயிருந்தன. பிற மருத்துவர்கள் விரல்களுக்கே மருந்து பூசிப் பார்த்தும் பயனில்லை. கேலனோ அவரிடம் கேள்விகள் கேட்டார். சிறிது காலத்துக்கு முன் வண்டியிலிருந்து விழுந்து முதுகின் மேற்பகுதியில் அடிபட்டதாக அவர் சொன்னார். முதுகெலும்பிலிருந்து நரம்பு புறப்படும் இடத்தில்தான் கோளாறு என முடிவு செய்த கேலன், விரல்களுக்கு இட்ட மருந்தை அங்கே இடச்செய்தார். உணர்வு திரும்பியது.

எந்த விரல் மரத்தது, எவ்வளவு மரத்தது என்று துல்லியமாகக் கேட்டதே அவருக்கு வழிகாட்டியது. நடுவிரலில் பாதி உணர்வோடும் பாதி உணர்வின்றியும் இருந்ததைப் பொருட்படுத்தாதவர் அந்தக் காரணத்தைக் கண்டிருக்க முடியாது. கையைப் பரிசோதிக்கும் மருத்துவர் இன்றும் ஒவ்வொரு விரலாகத் தொட்டுக் கேட்பது இதற்காகத்தான்.

கேலனின் நூல்கள் ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கினாலும் அவருடைய மாணவர்களாலும் சிரியாக் மொழியிலும் அரபியிலும் பெயர்க்கப்பட்டன. ஹுனைன் ஒரு கிறிஸ்தவர். அவரை ஆதரித்தவர்கள் முஸ்லிம் ஆட்சியாளர்களும் செல்வந்தர்களும் ஆவர். அறிவு எவரிடமிருந்து வந்தாலும் பெற்றுக்கொள்ளும் மனம் அக்காலத்தில் இருந்தது.

இப்னு சீனாவும் அஸ்ஸஹ்ராவியும்

கி.பி. 1037இல் ஹமதான் நகரில் மறைந்த இப்னு சீனா, தமது 'அல்கானூன்' நூலில் கையைப் பற்றிச் சிந்திக்கத்தக்க ஒரு கருத்தை எழுதியுள்ளார். உடலின் உறுப்புகளுள் தோல் சமநிலையானது. தோலிலும் கையின் தோல், அதிலும் உள்ளங்கை, அதிலும் விரல்கள், அவற்றிலும் ஆட்காட்டி விரல், அந்த விரலிலும் அதன் நுனி மிகுந்த சமநிலை உடையது என்று படிப்படியாகச் சொல்கிறார். ஆகவேதான் தொட்டறியும் பொருள்களின் வெம்மை, குளிர்ச்சி, மென்மை, கடினம் ஆகியவற்றுக்கு விரல்நுனியே நீதிபதியாக அமைகிறது என்பது அவருடைய விளக்கம். நீதிபதி எந்தப் பக்கமும் சாயாதவராக இருக்க வேண்டும் அல்லவா?

நாடி பார்ப்பதற்கு மணிக்கட்டைத் தேர்ந்ததற்கும் அவர் காரணம் கூறியுள்ளார். அந்த இரத்தக்குழாய் எளிதில் எட்டுகிறது. அதை வெளிக்காட்ட நோயாளி கூச்சப்பட வேண்டியதில்லை. அது இதயத்துக்கு நேராக அமைந்துள்ளது. இம்மூன்றில் இரண்டாவது காரணம் நம் கவனத்துக்குரியது. நோயாளியின் நாணத்தையும் மானத்தையும் கருதுவது பரிசோதனையின் ஓர் அங்கமாகவே அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. நாடியைப் பத்துத் தன்மைகளாகப் பிரித்து ஆராயும் அவருடைய முறை யுனானி ஹகீம்களிடம் பல நூற்றாண்டுகள் பாடமாக இருந்துவந்தது.

எலும்பையும் மூட்டையும் பொறுத்தவரை, குர்துபா நகரை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவியை நினைவுகூர வேண்டும். அவருடைய 'அத்தஸ்ரீஃப்' முப்பது பகுதிகள் கொண்டது. முப்பதாம் பகுதி முழுவதும் அறுவை மருத்துவத்துக்கே உரியது. அதன் இறுதிப் பிரிவில் எலும்பு முறிவுகளும் மூட்டு விலகல்களும் விளக்கப்படுகின்றன. முன்கை, கை, விரல்கள் ஆகியவற்றின் முறிவும், மணிக்கட்டின் விலகலும் அங்கே தனித்தனியாகப் பேசப்படுகின்றன. ஊடுகதிர்ப் படம் இல்லாத அக்காலத்தில், முறிந்தது எது, விலகியது எது என்று பிரித்தறிய மருத்துவரின் கண்ணும் விரலுமே கருவிகள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அப்பகுதி லத்தீனுக்குச் சென்று, ஐரோப்பிய அறுவை மருத்துவர்களின் பாடநூலாயிற்று.

படம் பிடிக்கும் முன்னே கண்டறிந்தவர்கள்

கண்ணும் விரலும் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு 1814ஆம் ஆண்டு டப்ளினில் நிகழ்ந்ததைக் கூறலாம். கையை ஊன்றி விழுந்தவர்களுக்கு மணிக்கட்டு வீங்கி, முள்கரண்டியை ஒத்த வளைவோடு காணப்படும். அதை மணிக்கட்டு விலகல் என்றே பலரும் எண்ணிவந்தனர். ஆப்ரகாம் காலிஸ் என்னும் அறுவை மருத்துவர், அது விலகல் அன்று, முன்கையின் ஆரை எலும்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிவது என்று எழுதினார். உடலைத் திறந்து பார்த்து அவர் அதைச் சொல்லவில்லை. உயிருள்ள கைகளைத் தொட்டும் அசைத்தும் பார்த்தே சொன்னார். ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தது 1895இல்தான். மனித உடலின் முதல் எக்ஸ்ரே படங்களுள் புகழ்பெற்றது அவருடைய மனைவியின் கையைக் காட்டுவது. காலிஸ் எழுதி 81 ஆண்டுகள் கழிந்தபின் வந்த அந்தக் கதிர்கள் அவருடைய கூற்றையே உறுதிப்படுத்தின. அம்முறிவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

முதல் உலகப் போர் ஆயிரக்கணக்கான கைகளைச் சிதைத்தது. குண்டு பாய்ந்த நரம்பு பிழைத்ததா, வளர்கிறதா என்றறியும் தேவை மருத்துவர்களுக்கு எழுந்தது. 1915இல் பிரான்சின் டினெல், காயமுற்ற நரம்பின்மேல் விரலால் தட்டினால் அது செல்லும் வழியில் சுருக்கென்ற உணர்வு எழுவதை எழுதினார். அதே ஆண்டு, எதிரணியான ஜெர்மனியில் ஹாஃப்மன் என்பவரும் அதையே எழுதினார். நாடுகள் ஒன்றையொன்று அழிக்க முனைந்திருந்தபோது, இருபுறத்து மருத்துவர்களும் ஒரே உண்மையைத் தங்கள் விரல்நுனியில் கண்டனர்.

அவ்வாண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர் ஃப்ரோமாங் ஒரு தாளைக் கருவியாக்கினார். கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே தாளைப் பற்றச் சொல்லி மருத்துவர் இழுப்பார். முழங்கையின் உட்புறமாக வரும் அல்நார் நரம்பு பழுதுற்றிருந்தால், தாளைத் தக்கவைக்கக் கட்டை விரலின் நுனி மூட்டு மடங்கிவிடும். செலவில்லை; கருவியில்லை; ஒரு துண்டுத் தாள் போதும்.

எவரும் தொடாத கை

இத்தனை நுட்பங்கள் வளர்ந்தும், ஒரு வகைக் கை மட்டும் இக்கலையின் வெளியிலேயே நின்றது. அதுதான் தொழுநோயாளியின் கை.

இந்நோய் குறித்து நமது மரபில் இருவகைச் செய்திகள் உண்டு. எச்சரிக்கையாக விலகியிருக்கச் சொல்லும் நபிமொழி அறிவிப்பும் உண்டு. இந்நோயுடைய ஒருவரைத் தம்முடன் ஒரே பாத்திரத்தில் உண்ணச் செய்ததைக் கூறும் அறிவிப்பும் உண்டு. அறிஞர்கள் இவற்றை இணைத்து விளக்கியுள்ளனர். உமையா கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக், கி.பி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தொழுநோயாளிகள் யாசித்துத் திரியாதிருக்க அரசுக் கருவூலத்திலிருந்து உதவித்தொகை வழங்கியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். ஆயினும் பல சமுதாயங்களில், நமது சமுதாயத்திலும், நடைமுறையில் நிலைத்தது அச்சமே. எச்சரிக்கையை நினைவில் வைத்தோம். ஒரே பாத்திரத்தை மறந்தோம்.

1873இல் நார்வேயின் ஹான்சன் இந்நோயின் கிருமியைக் கண்டார். அதன்பின்னும் கை விரல்கள் மடங்குவதும் குறைவதும் ஏன் என்று எவரும் முறையாக ஆராயவில்லை. அது அழுகும் சதை, தானாக உதிர்வது, அறுத்தால் ஆறாது என்பதே மருத்துவர்களிடையேகூட நிலவிய எண்ணம். தொட்டுப் பார்த்திருந்தால் அந்த எண்ணம் நீடித்திருக்காது. தொடாததாலேயே நீடித்தது.

செங்கல்பட்டில் ஒரு கைகுலுக்கல்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், ஆங்கிலேய மிஷனரிப் பெற்றோருக்கு 1914இல் பிறந்தவர் பால் பிராண்ட். இலண்டனில் அறுவை மருத்துவம் பயின்று 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டில், தொழுநோய் வல்லுநரான ராபர்ட் காக்ரேனின் அழைப்பின்பேரில், செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார்.

அங்கே விரல்கள் மடங்கிய ஓர் இளைஞரின் கையைத் தம் கையில் பற்றி, முடிந்தவரை அழுத்தும்படி கேட்டார். வலுவற்ற பிடியையே எதிர்பார்த்தார். ஆனால் அந்த இளைஞரின் நகங்கள் தம் கையில் அழுந்த, வலி தாளாமல் விடச் சொல்ல நேர்ந்தது. பிறருக்கு வலிக்கும் அளவுக்கு அழுத்துகிறோம் என்பதே அந்த இளைஞருக்குத் தெரியவில்லை.

அந்த ஒரு பிடி இரண்டு உண்மைகளைச் சொல்லிற்று. ஒன்று, கை செத்துவிடவில்லை; அதில் வலிமையான தசைகள் இன்னும் உயிரோடு உள்ளன. மற்றொன்று, கை உணர்வை இழந்துள்ளது. இவ்விரண்டையும் எட்டி நின்று பார்க்கும் கண்ணால் அறிய முடியாது.

இதைப் புரிந்துகொள்ளக் கையின் அமைப்பைச் சிறிது அறிய வேண்டும். கையில் 27 எலும்புகள். அவற்றுள் எட்டு மணிக்கட்டில் உள்ளன. விரல்களை இறுக மடக்கும் பெருந்தசைகள் கையில் இல்லை. அவை முன்கையில் இருந்து, மணிக்கட்டைக் கடந்து வரும் தசைநாண்கள் வழியாக விரல்களை இழுக்கின்றன. விரல்களைச் சீராக நீட்டவும், பக்கவாட்டில் விரிக்கவும், நுட்பமாகப் பற்றவும் உதவும் சிறுதசைகளே கைக்குள் உள்ளன. சிறுதசைகள் செயலிழந்து பெருந்தசைகள் மட்டும் இயங்கினால் விரல்கள் நகம்போல் மடங்கும்.

பிராண்டும் அவருடைய குழுவினரும் நோயாளிகளின் கைகளை ஒவ்வொன்றாகப் பரிசோதிக்கலாயினர். எந்தத் தசை இயங்குகிறது, எந்த இடத்தில் உணர்வு இல்லை என்று குறித்துக்கொண்டே சென்றனர். ஒரு ஒழுங்கு தென்பட்டது. அல்நார் நரம்பு முழங்கையருகிலும், மீடியன் நரம்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலும் பழுதுறுகின்றன. மணிக்கட்டை உயர்த்தும் ரேடியல் நரம்பு பெரும்பாலும் தப்பிவிடுகிறது. முன்கையின் தசைகளுள் பல நலமாகவே இருக்கின்றன. நரம்புகள் தோலுக்கு நெருங்கி வரும் குளிர்ந்த இடங்களில்தான் கேடு மிகுதி. குளிர்ச்சியான இடங்களை நாடுவது அக்கிருமியின் இயல்பு.

எந்தத் தசை தப்பும் என்று முன்கூட்டியே தெரிந்ததால், அதை வேறு பணிக்கு மாற்றலாம் என்ற துணிவு பிறந்தது. விரலை மடக்கும் தசைநாண்களுள் ஒன்றைப் பிரித்து, செயலிழந்த சிறுதசையின் வேலையைச் செய்யுமாறு இடம் மாற்றித் தைக்கும் அறுவைச் சிகிச்சையை 1948 முதல் வேலூரில் செய்தனர். போலியோவுக்கும் போர்க்காயங்களுக்கும் வேறிடங்களில் கையாளப்பட்ட முறையே அது. தொழுநோயாளியின் கைக்கும் அந்த உரிமை உண்டென்று காட்டியதே புதுமை. தைத்த காயங்கள் மற்றவர்களுக்கு ஆறுவதுபோலவே ஆறின. மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. உணவைத் தம் கையாலேயே பிசைந்துண்ண இயலாதிருந்தவர்கள் மீண்டும் உண்டனர். சபையில் அமர்ந்து கையால் உண்ணும் நமக்கு அதன் மதிப்பு விளங்கும்.

பூட்டும் சாவியும்

ஆனால் விரல்கள் ஏன் குறைகின்றன என்ற கேள்வி எஞ்சியிருந்தது. துருப்பிடித்த பூட்டு ஒன்றை ஒரு நாள் பிராண்ட் திறக்க முயன்றார், இயலவில்லை. நோயாளியான ஒரு சிறுவன் வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். அவன் விரலில் தோல் கிழிந்து இரத்தம் வழிவதை அவர் கண்டார். சிறுவனோ அதை அறியவேயில்லை.

அதன்பின் புண் எதுவாயினும் அதன் காரணத்தைத் தேடினர். சூடான பாத்திரத்தைப் பற்றியது, கருவியின் கைப்பிடி அழுந்தியது, உறங்கும்போது எலி கடித்தது என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் கிட்டியது. சதை தானாக உதிரவில்லை. வலி தெரியாத கை நாள்தோறும் காயமுற்று, காயத்தோடு உழைத்து, சிறிது சிறிதாகத் தேய்ந்தது. 1951இல் வேலூரில் அமைந்த நவஜீவ நிலையத்தில், கைப்பிடிகளைத் தடிமனாக்கியும், நாள்தோறும் கையைப் பார்த்துக்கொள்ளப் பழக்கியும் அந்தத் தேய்வைத் தடுத்தனர். வலியை நாம் துன்பமாகவே எண்ணுகிறோம். அது காவலும்கூட என்பதை வலியை இழந்தவர்கள் நமக்குக் கற்பித்தனர்.

இன்றைய பரிசோதனை

1980களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையால் இந்நோய் முழுமையாகக் குணமாகிறது. அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். கைகுலுக்குவதாலோ சேர்ந்து உண்பதாலோ இது தொற்றுவதில்லை. சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரப்பும் தன்மையும் நீங்கிவிடுகிறது. எனினும் நரம்பு ஒருமுறை அழிந்தால் மருந்து அதை மீட்பது அரிது. ஆகவே கையைக் காலத்தில் பரிசோதிப்பதே பெரும் பாதுகாப்பு.

பயிற்சி பெற்ற ஒரு சுகாதாரப் பணியாளர் அதைச் செய்ய நாம் கண்டிருக்கிறோம். முதலில் இரு கைகளையும் மேசைமேல் வைக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பார்த்தார். நிறம் மங்கிய தேமல், வியர்வையற்று வறண்ட தோல், காயம், கட்டை விரலடியிலும் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையிலும் சதை வற்றியிருத்தல் ஆகியவற்றைத் தேடினார். பின்னர் முழங்கையின் உட்புறத்தில் அல்நார் நரம்பை மெல்ல வருடி, தடித்திருக்கிறதா, வலிக்கிறதா என்று நோயாளியின் முகத்தைப் பார்த்தவாறே அறிந்தார். அடுத்து, கண்களை மூடச் சொல்லி, பேனா முனையால் கையின் பல இடங்களில் மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னார். இறுதியில் மூன்று அசைவுகள்: சுண்டுவிரலை வெளியே விலக்குதல், உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துக் கட்டை விரலை உயர்த்துதல், மணிக்கட்டை மேலே தூக்குதல். ஒவ்வொன்றையும் தம் விரலால் எதிர்த்து அழுத்தினார். முதலாவது அல்நார், இரண்டாவது மீடியன், மூன்றாவது ரேடியல் நரம்பின் நலத்தைச் சொல்லும். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்தது.

கை மரத்துப்போவதெல்லாம் தொழுநோய் அன்று. நீரிழிவாலும், மணிக்கட்டில் மீடியன் நரம்பு நெருக்குண்பதாலும், கழுத்தெலும்புத் தேய்வாலும் அது வரலாம். எதனால் என்பதைப் பரிசோதித்தே கூற முடியும். தேமலில் தொடுவது தெரியவில்லை, சட்டைப் பொத்தான் போட விரல் ஒத்துழைக்கவில்லை, சுட்ட புண் எப்போது வந்ததென்றே தெரியவில்லை என்று நம் வீட்டில் எவரேனும் சொன்னால், வெட்கத்தாலும் அச்சத்தாலும் அதை மூடிவைக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது நம் பொறுப்பு. ஒளூ செய்யும்போது கையைக் கழுவுகிறோம். அப்படியே ஒரு கணம் பார்த்துக்கொள்வதில் சிரமமில்லை.

இந்த வரலாற்றைப் படித்தபின் அந்த முதியவரை நாம் அடிக்கடி நினைக்கிறோம். அவருடைய நோய் எப்போதோ குணமாகியிருக்கக்கூடும். எஞ்சியிருந்தது பழைய நரம்புப் பழுது மட்டுமே. அவர் கையால் நமக்கு எந்தக் கேடும் இல்லை. நம் தயக்கத்தால் அவருக்குத்தான் கேடு நேர்ந்தது. இப்னு சீனா விரல்நுனியை நீதிபதி என்றார். அன்று நாம் தொடாமலேயே தீர்ப்பு வழங்கிவிட்டோம்.

நமது மத்ரஸா மாணவர்களுக்கு முஸாஃபஹாவின் ஒழுக்கத்தைக் கற்பிக்கும்போது இப்போது இதையும் சேர்த்துச் சொல்கிறோம்: நீட்டப்பட்ட கை எத்தகையதாயினும், உங்கள் கை முந்தட்டும், மற்றவர் விடும் முன் நீங்கள் விடாதீர்கள். அல்லாஹ் நமது பிழைகளைப் பொறுத்தருள்வானாக. அந்தப் பெரியவர் எங்கிருந்தாலும் அவருக்கு நலமளிப்பானாக. ஆமீன்.